பலூனில் ஏறுவது தொலைநோக்கி அல்ல, விளக்கு

மேலே ஒரு அண்ணன், "30 கிலோமீட்டர் உயரத்தில் காற்றே இல்லை, பலூனில் கேமரா கட்டி நட்சத்திரங்களைப் படம் பிடிப்பதுதான் ஒளி அளவுத்திருத்தம், பினாங்கிலும் செய்யலாம்" என்று எழுதியிருக்கிறார். ஆசை நல்லதுதான், ஆனால் திசை தலைகீழ். அளவுத்திருத்தம் என்றால், கருவி காட்டும் அளவைத் தெரிந்த அளவோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது.

கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் உருவான அல்டேர் திட்டத்தைப் பாருங்கள். அங்கே பலூனில் தொங்குவது ஒளிமூலம். தரையிலுள்ள தொலைநோக்கிதான் அதைப் பார்க்கிறது. விளக்கு விடும் ஒளியை, முன்பே அளவுத்திருத்தம் செய்த ஃபோட்டோடயோடு (ஒளியை மின்சாரமாக மாற்றி அளக்கும் சிறு கருவி) பக்கத்திலிருந்தே கண்காணிக்கும். தூரத்துக்கு ஜிபிஎஸ். தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகிவிடும் அல்லவா? இரண்டும் தெரிந்தால் கீழே வந்துசேர வேண்டிய ஒளியைக் கணக்கிடலாம். அந்தக் கணக்கைவிட எவ்வளவு குறைவாக வந்திருக்கிறதோ, அது காற்றும் தொலைநோக்கியும் விழுங்கியது. 30 கிலோமீட்டரில் ஏறக்குறைய 99 விழுக்காடு காற்று பலூனுக்குக் கீழேதான் இருக்கிறது. அதைத் தவிர்ப்பதல்ல, அளப்பதுதான் நோக்கம்.

"நட்சத்திரமே போதாதா?" என்றவருக்கு: நெடுங்காலம் அளவுகோலாக இருந்த வேகா நட்சத்திரத்தைச் சுற்றித் தூசி வட்டு உண்டு, போதாததற்கு அது படுவேகமாகச் சுழல்கிறது. அதனால் அதன் ஒளியைத் துல்லியமான அளவுகோலாக நம்புவது கடினம். பிரபஞ்ச விரிவை வேகப்படுத்துவதாகக் கருதப்படும் இருண்ட ஆற்றலைத் தேடும் சூப்பர்நோவா (வெடிக்கும் நட்சத்திரம்) ஆய்வுகளுக்கு ஒரு விழுக்காட்டுப் பிழையே தலைவலி.

சரி, பினாங்கில்? கொடிமலை உச்சிக்கே போனாலும் மேகமும் ஈரப்பதமும் விடாது. நம் வட்டாரத்தில் சுமார் 17 கிலோமீட்டர் உயரத்தில் குளிர் மைனஸ் 80 பாகை செல்சியஸை ஒட்டிவிடும். ஃபோட்டோடயோடு வெப்பநிலைக்கேற்ப மாறக்கூடியது, அதனால் அதை ஒரே சூட்டில் வைக்க ஹீட்டரும் பேட்டரியும் கூடவே ஏற வேண்டும். விமான நிலையம் இருக்கும் தீவு வேறு, அனுமதி வாங்காமல் எதையும் பறக்கவிட முடியாது.