பாலிசி இருந்தால் போதுமா?
'பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் இப்போது ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறைக் கருத்தரிப்பு) செலவையும் ஏற்கின்றன' என்று குழந்தையின்மை பற்றிய கட்டுரையில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், நடைமுறை அப்படியில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொது விலக்குப் பட்டியலில் (பாலிசி பணம் தராதவற்றின் பட்டியல்) 17-ஆம் குறியீடே குழந்தையின்மை சிகிச்சைதான். ஐவிஎஃப், இக்ஸி (விந்தணுவை நேரடியாகக் கருமுட்டைக்குள் செலுத்துவது), வாடகைத்தாய், கருத்தடையை நீக்கும் அறுவை எல்லாம் அதில் அடக்கம். விதிவிலக்காக ஏற்கும் பாலிசிகள் சில உண்டு. ஆனால் முப்பத்தைந்தைத் தாண்டிய பெண்ணிடம் இரண்டு மூன்று வருடம் காத்திரு என்றால் அந்தப் பாலிசியை வைத்து என்ன செய்வது? மேலே கருத்துப் பகுதியில் ஒருவர் 'லேப்ராஸ்கோப்பிக்காவது (சிறு துளை வழியே செய்யும் அறுவை) பணம் வந்துவிடும்' என்கிறார். எங்கள் அண்ணிக்கு வரவில்லை. மாதாமாதம் தாங்க முடியாத வலி, ஸ்கேனில் சாக்லேட் சிஸ்ட் (சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கிய கட்டி), அதற்குத்தான் அறுவை. டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் வரியிலேயே 'பிரைமரி இன்ஃபெர்ட்டிலிட்டி' (இதுவரை கருத்தரிக்காத குழந்தையின்மை) என்று எழுதிவிட்டார்கள், கிளெய்ம் அங்கேயே நின்றது. டாக்டரிடம் விளக்கக் கடிதம் வாங்கி மறுபரிசீலனைக்கு அனுப்பிய பிறகுதான் பாதிக்கு மேல் கிடைத்தது. பொய்யாக எழுதச் சொல்லவில்லை; கட்டிக்காகத்தான் அறுவை என்றால் அதை முதல் காரணமாக எழுதும்படி, வீட்டுக்குக் கிளம்பும் முன்பே கேட்டு வாங்குங்கள். வேலைக்குப் போகிறவர்கள் புதுப் பாலிசி தேடுவதற்கு முன் கம்பெனி குரூப் பாலிசியை ஒருமுறை படித்துப் பாருங்கள். சில நிறுவனங்கள் குழந்தையின்மை சிகிச்சையைக் கூடுதல் பலனாகச் சேர்த்திருக்கின்றன, ஹெச்ஆர் தானாக வந்து சொல்லமாட்டார்கள்.