அந்தச் சிறைக்குள் இருந்த இன்னொரு ஆலயம்

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் உள்ள பழைய போர்ட் ஆர்தர் கைதிகள் சிறைக்கு ஒரு நாள் போய்வந்த மிஷனரி தம்பதியைப் பற்றிய கட்டுரை நன்றாக இருந்தது, ஆனால் கூரையில்லாத பெரிய தேவாலயத்தின் முன் படம் எடுத்ததோடு நிறுத்திவிட்டார்களே! அது 1884ல் தீயில் எரிந்துபோனது. அதைக் கட்டியதில் வளைகுடாவுக்கு அந்தப்பக்கம் பாயிண்ட் புயரில் அடைக்கப்பட்டிருந்த சிறுவர்களின் உழைப்பும் உண்டு, ஒன்பது வயதுப் பையன்கள்கூட அங்கே இருந்தார்கள்.

ஊழியத்தில் இருப்பவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது தனிமைச் சிறைக்குள் இருக்கும் சின்ன ஆலயத்தைத்தான். சாட்டையடியைவிட மௌனம் ஆளைத் திருத்தும் என்று நம்பி, லண்டன் பென்டன்வில் சிறையைப் பார்த்துக் கட்டியது அந்தத் தனிமைச் சிறை. ஒரு நாளில் 23 மணி நேரம் அறைக்குள், வெளியே வந்தால் முகத்தை மறைத்துக்கொள்ள வேண்டும், பெயர் கிடையாது, எண்தான். ஆராதனையிலும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மரத்தடுப்பு, போதகர் மட்டும் தெரிவார், பக்கத்தில் நிற்பவன் தெரியமாட்டான். பேசக்கூடாது, ஆனால் பாட்டு பாடலாம், அதனால் தொண்டை கிழியப் பாடியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் போனபோது அந்தத் தடுப்புக்குள் நின்று பார்த்தேன், இரண்டு நிமிடம்கூட முடியவில்லை. அப்புறம் வெளியே வந்தால் அதை ஒட்டியே மனநலக் காப்பகக் கட்டடம் நிற்கிறது!