ஃப்ளூ ஊசிப் பயிற்சியை ஐஸ் பெட்டியிலும் சட்டைக் கையிலும் தொடங்குங்க

ஜூன் பிறந்தா குமுளி, கம்பம்மெட்டுப் பக்கம் மழை பிடிச்சிடும். கம்பத்துலயும் போடியிலயும் இருந்து ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் நெருக்கியடிச்சுப் போறவங்களுக்கு ஒருத்தர் இருமினா போதும், ஃப்ளூ எல்லாருக்கும் பரவிடும். ஊசி போட்டு எதிர்ப்புச் சக்தி வர ரெண்டு வாரம் ஆகும், அதனால மே பாதிக்குள்ள வேலை முடியணும். 9 வயசுக்குக் கீழ முதல் தடவை போடுற குழந்தைக்கு 4 வார இடைவெளியில் ரெண்டு டோஸ். அவங்களுக்கு ஏப்ரல்லயே தொடங்கினாத்தான் சரிவரும்.

இதுக்கு நர்ஸுகளைத் தயார் பண்றோம்னு சொல்லி, வைரஸ் படம் போட்ட ஸ்லைடு காட்டி டீ கொடுத்து அனுப்புறது எந்த விதத்துலயும் போதாது. தப்பு நடக்குற இடமே வேற.

முதல்ல குளிர். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள்ள இருக்கணும். வெயிலுக்குப் பயப்படுற நாம, உறைஞ்சு போறதுக்குப் பயப்படுறதில்ல. ஃப்ரீசர்ல இருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே கேரியர்ல (மருந்து எடுத்துட்டுப் போற குளிர்ப் பெட்டி) அடுக்கி, பக்கத்துல மருந்து நிரப்பின சிரிஞ்சுப் பெட்டியை வச்சா மருந்து உறைஞ்சிடும். பேக் மேல வியர்த்து, குலுக்கினா உள்ள தண்ணி சலசலக்கிற வரைக்கும் வெளிய வைக்கணும். அதுக்கப்புறம்தான் கேரியர். உறைஞ்சு இளகின மருந்து பார்வைக்கு நல்லாத்தான் இருக்கும், ஆனா அதைத் தூக்கிப் போட்டே ஆகணும். குழந்தைகளுக்குப் போடுற ஐந்து நோய்த் தடுப்பூசியான பென்டாவேலன்ட்டுக்கு, உறைஞ்சதான்னு பார்க்கச் செய்யுற குலுக்கல் சோதனை இதுக்குச் செல்லாது. கிளினிக்குல சாதாரண ஃப்ரிட்ஜுன்னா கதவுலயும் ஃப்ரீசருக்கு நேர் கீழயும் வைக்காதீங்க. காலை, மாலை வெப்பநிலை எழுதுங்க, கரண்ட் போய் வந்தா உடனே இன்னொரு தடவை பாருங்க. பெட்டியில காலாவதித் தேதியோட எந்தப் பருவத்து மருந்துன்னும் படிங்க. உலக சுகாதார நிறுவனம் வருஷத்துக்கு ரெண்டு தடவை, பிப்ரவரியிலயும் செப்டம்பர்லயும், அடுத்த பருவத்து மருந்துல சேர்க்க வேண்டிய வைரஸ் வகைகளை அறிவிக்குது.

அடுத்து கை. தோட்டத்துப் பெண்கள் சேலை மேல முழுக்கைச் சட்டை போட்டிருப்பாங்க. அவசரத்துல காலரை இழுத்து மேல இருந்து குத்தினா ஊசி தோள் மூட்டுக்குள்ள போய், மாசக்கணக்குல கை தூக்க முடியாத வலி வரும். ஏலக்காய் பறிக்கிறவங்களுக்கு அது கூலி போற விஷயம். ஒரு மறைப்பு கட்டி, சட்டையைக் கழட்டச் சொல்லி, தோள் எலும்பு முனையில இருந்து ரெண்டு மூணு விரற்கடை கீழ, தசையில, நேர் குத்தா 0.5 மில்லி போடுங்க. போடுறவரும் போட்டுக்கிறவரும் உட்கார்ந்திருந்தா இடம் தவறாது. அதிகம் புழங்காத கையைக் கேட்டுக்குங்க. சனிக்கிழமை சாயந்திரம், ஜீப் திரும்புன பிறகு முகாம் வச்சா மறுநாள் ஓய்வு கிடைக்கும். காலை பத்து மணி முகாமுக்கு அவங்க எப்படி வருவாங்க?

கடுமையான ஒவ்வாமை வந்தா உடனே போடுற அட்ரினலின் மருந்து, பெட்டியில பூட்டிக் கிடக்காம மேசை மேல, காலாவதி பார்த்து, சிரிஞ்சோட இருக்கணும். பெரியவங்களுக்கு 1:1000 அட்ரினலின் 0.5 மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில. நாடி மெதுவா ஓடி, வெளிறி விழுந்தா அது பயத்து மயக்கம், படுக்க வச்சாப் போதும். நாடி வேகமா ஓடி, உடம்பு தடிச்சு, மூச்சு இறைச்சா அது ஒவ்வாமை, டாக்டருக்காகக் காத்திருக்காம அட்ரினலின் போடணும். அரை மணி நேரம் எல்லாரையும் உட்கார வைங்க.

"ஊசி போட்டா காய்ச்சல் வரும்ங்கறாங்களே சிஸ்டர்?"னு கட்டாயம் கேப்பாங்க. இதுல இருக்குறது செயலிழந்த வைரஸ், அதனால ஃப்ளூ வராது. ஒண்ணு ரெண்டு நாள் கை வலியும் லேசான சூடும் வரலாம்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. எல்லாச் சளியையும் இது தடுக்காதுன்னும் சொல்லுங்க. இல்லேன்னா அடுத்த வருஷம் யாரும் வரமாட்டாங்க. கர்ப்பிணிகள் எந்த மாசத்துலயும் போட்டுக்கலாம்.

முகாமுக்கு முன்னால நர்ஸ், ஃபார்மசிஸ்ட், துப்புரவுப் பணியாளர், ஆம்புலன்ஸ் டிரைவர் எல்லாரும் போட்டிருக்கணும். போட்டவங்க கையில மருந்துப் பேரு, பேட்ச் எண், தேதி எழுதின சீட்டு கொடுங்க, தமிழ்லயும் மலையாளத்துலயும். ராத்திரி உடம்புக்கு முடியலேன்னா அவங்க போறது கேரளாவுல இருக்குற கட்டப்பனை ஆஸ்பத்திரியாவும் இருக்கலாம்.