மலிவான நிலமும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும்

குடும்பத்தோடு வெளிநாடு போய், ஏதாவது ஒரு கிராமப்புறத்தில் ஆஃப்-கிரிட் வாழ்க்கை, அதாவது பொது மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாமல் தாமே ஏற்பாடு செய்துகொள்ளும் வாழ்க்கை, வாழப் போகிறோம் என்று யாராவது சொன்னால், சுற்றி இருப்பவர்கள் உடனே கேட்பது கரண்டுக்கு என்ன செய்வீர்கள், தண்ணீர் எங்கிருந்து வரும், கழிப்பறை எப்படி என்பதுதான். போகிறவர்களும் மாதக்கணக்கில் அதைத்தான் படிக்கிறார்கள். எத்தனை வாட் சோலார் பேனல், எவ்வளவு பெரிய பேட்டரி, எத்தனை லிட்டர் தொட்டி. எல்லாம் தேவைதான். ஆனால் எனக்கு முதலில் கேட்கத் தோன்றுவது வேறு. உங்கள் பிள்ளைகள் அங்கே யாரோடு விளையாடுவார்கள்?

தடுப்பதற்காகக் கேட்கவில்லை. அந்த வாழ்க்கை மீது எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. தான் எரிக்கும் விறகைத் தானே பிளந்து அடுக்கும் மனிதருக்கு ஒரு யூனிட் மின்சாரத்தின் அருமை தெரியும். அப்பா அம்மா நாள் முழுக்கக் கண்முன்னால் இருப்பது எந்தக் குழந்தைக்கும் எளிதில் கிடைக்காத பாக்கியம். மதிப்பு இருப்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

2025 நவம்பரில் இத்தாலியின் அப்ரூஸ்ஸோ பகுதியில் நடந்தது பலருக்கு நினைவிருக்கும். பால்மோலி என்ற ஊருக்கு அருகே, காட்டுக்குள், மின் இணைப்பும் குழாய்த் தண்ணீரும் இல்லாத வீட்டில் ஒரு குடும்பம். தந்தை பிரிட்டன்காரர், தாய் ஆஸ்திரேலியர், மூன்று பிள்ளைகள். முந்தைய ஆண்டு காட்டுக் காளான் சாப்பிட்டுக் குடும்பமே மருத்துவமனையில் சேர்ந்த பிறகுதான் அதிகாரிகளின் பார்வை அவர்கள் மீது விழுந்தது. கடைசியில் லாக்விலா சிறார் நீதிமன்றம் பிள்ளைகளை அங்கிருந்து ஒரு காப்பகத்துக்கு மாற்ற உத்தரவிட்டது. நாடே இரண்டு பட்டு வாதாடியது. பிரதமர் மெலோனி வரை கருத்துச் சொன்னார்.

வீட்டின் நிலை, படிப்பு, மருத்துவம் எல்லாம் அந்த வழக்கில் பேசப்பட்டன. ஆனால் உத்தரவில் அழுத்தமாக இருந்த விஷயம், பிள்ளைகள் மற்றவர்களோடு, முக்கியமாகத் தம் வயதுப் பிள்ளைகளோடு, பழகும் உரிமையை இழக்கிறார்கள் என்பது. பெற்றோரிடமிருந்து பிரிப்பது அதற்கு மருந்து ஆகாது என்பது என் கருத்து. பாசமாக வளர்க்கும் வீட்டிலிருந்து குழந்தையை எடுத்துச் செல்வது கடைசிக்கும் கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். ஆனாலும் நீதிமன்றம் தொட்ட இடம் சரியான இடம். ஆஃப்-கிரிட் திட்டங்களில் பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான்.

ஏன் விட்டுப்போகிறது? நிலம் எங்கே மலிவாகக் கிடைக்கிறது என்று பாருங்கள். ஐரோப்பாவில் இப்படி வாழ நினைக்கும் குடும்பங்கள் அதிகம் தேடிப் போகும் நாடுகளில் ஒன்று போர்ச்சுகல். அதன் நடுப்பகுதி மலைகளில் பழைய கல்வீடும், ஆலிவ் மரங்களும், ஓர் ஊற்றுமாகக் கிடைக்கும் நிலத்தைச் சுமாரான சேமிப்பு உள்ளவர்களும் வாங்க முடிகிறது. 1960கள் தொடங்கி அந்த ஊர்க்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் லிஸ்பனுக்கும் பிழைக்கப் போய்விட்டார்கள். திரும்பி வராதவர்களின் வீடுகள்தான் இன்று விற்பனைக்கு நிற்கின்றன. இருந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. இந்த நூற்றாண்டின் முதல் பத்து ஆண்டுகளிலேயே ஆயிரக்கணக்கான சிறு தொடக்கப்பள்ளிகளை அரசு மூடியது, சேர்க்கப் பிள்ளைகள் இல்லை. நிலம் மலிவாக இருப்பதற்கும் அங்கே குழந்தைகள் இல்லாததற்கும் காரணம் ஒன்றே. இத்தாலியில் ஒரு யூரோவுக்கு வீடு தருகிறோம் என்று கூப்பிடும் ஊர்களின் கதையும் இதுவே.

பெரியவர்களுக்கு அந்த வெறுமை பிடிக்கும். அதற்காகத்தான் போகிறார்கள். குழந்தை அதைக் கேட்கவில்லை.

இதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தது ஒரு டிசம்பரில், அந்தப் போர்ச்சுகல் மலைப்பகுதியில் வாழும் நண்பர் குடும்பத்தோடு தங்கியபோது. அங்கே டிசம்பரில் பகல் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். ஜூலையில் தரும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் சோலார் பேனல் தரும். மேகம் கட்டி மழை பிடித்துக்கொண்டால் அதுவும் கிடையாது. வருடம் முழுக்கச் சராசரி போட்டு பேட்டரி வாங்குகிறவர்கள் அடிபடுவது இந்த வாரங்களில்தான். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு இன்னொரு குணம் உண்டு. பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது, செய்தால் உள்ளே கெட்டுப்போகும். மலையில் உறைபனி விழும் காலையில் வெயில் அடித்தாலும், கொட்டகையில் இருக்கும் பேட்டரி சூடாகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். நண்பர் இதற்கெல்லாம் வழி கண்டுபிடித்திருந்தார். பேட்டரியைச் சமையலறைச் சுவரை ஒட்டிய அறைக்கு மாற்றியிருந்தார், ஒரு சிறிய ஜெனரேட்டர் இருந்தது, விறகு இரண்டு கோடை காய்ந்தது.

அவருடைய மூத்த மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மாலையில் அவள் முதலில் போய்ப் பார்ப்பது சுவரில் இருந்த பேட்டரி மீட்டரை. எண் ஐம்பதுக்கு மேல் இருந்தால் அப்பாவிடம் வந்து, "இன்னிக்கு ரூட்டர் போடலாமா?" என்று கேட்பாள். பழைய ஊரில் இருக்கும் தோழியோடு பேச வேண்டும். குறைவாக இருந்தால் கேட்கவே மாட்டாள், பேசாமல் தம்பியோடு போய் உட்கார்ந்துவிடுவாள். தம்பிக்கு ஆறு வயது. அவனுக்கு நாள் முழுக்கத் திருவிழா: சேறு, நாய், கோழி, மழைநீர் ஓடும் வாய்க்கால். ஒரே வீடு, ஒரே பேட்டரி, இரண்டு வேறு வாழ்க்கை. ஆறு வயதுக்கு அம்மா அப்பாவும் ஒரு நாயும் போதும். பன்னிரண்டு வயதுக்குப் போதாது, எவ்வளவு அன்பாக வளர்த்தாலும் போதாது.

வீட்டுக்கல்வி கொடுத்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். பாடத்துக்கு அது சரி. ஆனால் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு என்பதை முதலில் கவனியுங்கள். ஜெர்மனியில் பிள்ளை பள்ளிக்குப் போயே ஆக வேண்டும். சுவீடனில் விதிவிலக்கான சூழலில் மட்டுமே அனுமதி. போர்ச்சுகலில் வீட்டுக்கல்விக்கு இடமுண்டு, ஆனால் 2021இல் வந்த சட்டப்படி பிள்ளையை ஒரு பள்ளியில் பதிவு செய்து, அந்தப் பள்ளியோடு ஒப்பந்தம் போட வேண்டும், சொல்லிக்கொடுப்பவர் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டும். இதையெல்லாம் முடித்தாலும் நட்பு என்ற பாடத்தை வீட்டுக்குள் நடத்த முடியாது. மொழியும் அப்படித்தான். அந்த ஊர்ப் பள்ளியில் விட்டால் சின்னப் பிள்ளைகள் சீக்கிரமே போர்த்துகீசில் சண்டை போடக் கற்றுக்கொள்வார்கள். வீட்டிலேயே வைத்திருந்தால், வருடங்கள் போனாலும் கடைக்காரருக்கு வணக்கம் சொல்லும் அளவுதான் வரும். பதினெட்டு வயதில் அந்த நாட்டில் வேலை தேடவும் முடியாது, விட்டு வந்த நாட்டுக்குத் திரும்பவும் தயாராக இருக்க மாட்டார்கள்.

இது பிள்ளைகளுக்கு மட்டுமான கணக்கும் இல்லை. 2017 ஜூன் 17 அன்று நடு போர்ச்சுகலின் பெத்ரோகாவ் கிராந்தெயில் பிடித்த காட்டுத்தீயில் 66 பேர் இறந்தார்கள். பெரும்பாலானோர் தப்பி ஓடும் வழியில், சாலையில் மாட்டிக்கொண்டவர்கள். அதே தீயில் ஒரு கிராமத்தில் 12 பேர் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கி உயிர் பிழைத்தார்கள். தீ வரும்போது எந்தப் பாதை முட்டுச்சந்து, யார் வீட்டில் தொட்டி இருக்கிறது என்பதை வரைபடத்தில் பார்த்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது. வீட்டைச் சுற்றி 50 மீட்டருக்குப் புதர் வெட்டிச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற விதியை அதன் பிறகு கடுமையாக்கினார்கள். அந்த 50 மீட்டரில் பாதி பக்கத்து நிலமாக இருக்கும், அதன் சொந்தக்காரரைத் தேடிப் பேச வேண்டும். ஊற்றுத் தண்ணீரும் பல ஊர்களில் முறை வைத்துத்தான் பாய்கிறது, யாருக்கு எந்தக் கிழமை என்பது ஊர்ப் பெரியவர்களுக்குத்தான் தெரியும். மொழி தெரியாமல், யாரையும் தெரியாமல் மலை உச்சியில் போய் உட்கார்ந்தவர்களுக்கு இது எதுவும் வந்து சேராது. அடுத்த வீட்டுப் பிள்ளையோடு உங்கள் பிள்ளை விளையாடினால், அந்த வீட்டுப் பாட்டி வாசலுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்.

அதனால் நிலம் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். காட்சி எப்படி என்று பார்ப்பதற்கு முன், பள்ளிப் பேருந்து எங்கே நிற்கிறது என்று பாருங்கள். போர்ச்சுகலில் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிச் செல்வது நகராட்சியின் பொறுப்பு, ஆனால் உங்கள் மண்பாதையின் முடிவு வரை பேருந்து வராது. தார்ச்சாலைவரை ஒரு பிள்ளை மழையில் நடக்கக்கூடிய தூரமா? அந்தப் பேருந்தில் ஏறும் மற்ற பிள்ளைகள் எத்தனை பேர், என்ன வயது? வெள்ளிக்கிழமை மாலை அவர்கள் எங்கே கூடுகிறார்கள்? நிலத் தரகருக்கு இதற்குப் பதில் தெரியாது. பள்ளி வாசலில் நின்றால் தெரியும். பதில் திருப்தியாக இல்லாவிட்டால் ஆலிவ் மரத்தையும் ஊற்றையும் விட்டுவிட்டு வாருங்கள், வேறு இடத்திலும் அவை இருக்கும்.

இன்னொன்று. இருக்கும் வீட்டை விற்று நேராக மலையில் நிலம் வாங்காதீர்கள். செப்டம்பரில் பள்ளி திறக்கும்போது ஊருக்குள்ளேயே ஒரு வீட்டை வாடகைக்கு எடுங்கள். குடியிருப்பு விசாவுக்கே தங்குமிடச் சான்று கேட்பார்கள். வேளாண் நிலமாகப் பதிவான இடத்தில் போட்ட கூடாரமும் கேரவனும் அதற்கு உதவாது. ஒரு குளிர்காலம் போகட்டும், பிள்ளைகள் வகுப்பில் யாரையாவது பிடித்துக்கொள்ளட்டும், அந்த ஒருவருடைய வீட்டுக்குச் சைக்கிளில் போகும் தூரத்தில் நிலம் தேடுங்கள். விலை கொஞ்சம் கூடும். பேட்டரியில் ஓர் அலகு குறைத்தாவது அந்தப் பணத்தை அங்கே போடுங்கள். பன்னிரண்டு வயதைத் தாண்டிய பிள்ளை இருந்தால், போகலாமா வேண்டாமா என்பதில் அந்தப் பிள்ளைக்கும் ஒரு ஓட்டு கொடுங்கள். "வேண்டாம்" என்றால் அதைக் கணக்கில் எடுக்கத் தயாராக இருங்கள்.

இப்படி வாழும் குடும்பங்கள் இதைப் படித்தால் எழுதுங்கள். சோலார் எத்தனை கிலோவாட் என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு நண்பர்கள் எப்படிக் கிடைத்தார்கள், எத்தனை காலம் ஆனது, கிடைக்காதபோது என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள். அப்படி வளர்ந்த பிள்ளைகளே இப்போது பெரியவர்களாகி இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்கள் பேச்சைத்தான் நான் முதலில் கேட்க விரும்புகிறேன்.