நவாலியும் அல்லைப்பிட்டியும்: ஒரு திருத்தம்

1995இல் யாழ்ப்பாணத்து நவாலித் தேவாலயத்தில் நடந்ததைப் பற்றி ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "நவாலியில் சனம் இரண்டு தரப்புச் சண்டைக்குள் அகப்பட்டுச் செத்தது. சுவாமிமார் உள்ளே இருந்து செபம் சொன்னதோடு சரி." சுவாமிமார் என்று அவர் சொல்வது கத்தோலிக்கக் குருமாரை. இரண்டுமே பிழை.

1995 யூலை 9, நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் விழுந்தவை இலங்கை விமானப்படையின் குண்டுகள். புலிகளுக்கு எதிராக இராணுவம் 'முன்னேறிப் பாய்தல்' நடவடிக்கையைத் தொடங்கிய அதே நாள். செல்லடிக்குப் பயந்து ஓடிவந்த சனம் தேவாலயத்திலும் பக்கத்து முருகன் கோயிலிலும் ஒதுங்கியிருந்தது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். "அகப்பட்டது" என்று எழுதினால் குண்டு போட்டவர் யார் என்ற கேள்வியே இல்லாமல் போய்விடும்.

சரி, சுவாமிமார். 2006 ஓகஸ்ட் 13, யாழ்ப்பாணத் தீவகத்தில் உள்ள அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் அடைக்கலம் தேடியிருந்தவர்கள் மேல் செல் விழுந்தது. காயப்பட்டவர்களை யாழ்ப்பாணம் கொண்டுபோக விடச்சொல்லிக் கடற்படையிடம் மன்றாடியவர் பங்குத்தந்தை ஜிம் பிறவுன். ஒரு கிழமையில், 20ஆம் திகதி, அவரும் கூடப்போன விமலதாசும் காணாமல்போனார்கள். கடைசியாக அவர்களைக் கண்டது அல்லைப்பிட்டிக் கடற்படைச் சோதனைச்சாவடியடியில். விமலதாஸ் சுவாமியார் இல்லை, சாதாரண குடும்பஸ்தர். அவர் பெயரை நாங்களும் விட்டுவிடுகிறோம்.

எங்கள் தேவாலய ஆட்களுக்கும் ஒன்று, கோபிக்க வேண்டாம். யூலையில் நவாலி நினைவுநாளுக்கு மெழுகுதிரி கொளுத்த வருகிறோம். காணாமல் ஆக்கப்பட்டோரின் அம்மாமார் தெருவில் போராட்டம் இருந்தால் "அது அரசியல்" என்று விலகிப் போகிறோம். அப்படியென்றால் ஜிம் பிறவுன் கடற்படையோடு கதைக்கப் போனதும் அரசியல்தானே?