டெம்ப்ளேட் காலத்து ஆள் பேசுகிறேன்

சனிக்கிழமை தரமணியில் வெப் புரோகிராமர்கள் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கும் அந்த வீடியோ இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும். இன்று காலை அன்று மேடையில் பேசிய தம்பியே எனக்கு அதை அனுப்பி, கூடவே ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருக்கிறார். சரி, எழுதியே விடுகிறேன்.

நான் அவரிடம் கேட்டது ஒரே கேள்வி. ஜாங்கோவில் (பைத்தானில் வெப்சைட் கட்டும் கருவி) பக்கங்களை சர்வரே தயாரித்து அனுப்புகிற ஓர் அப்ளிகேஷனுக்குள் ரிடக்ஸைக் (தகவலை பிரவுசரிலேயே 'ஸ்டோர்' என்ற ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி) கொண்டுவருகிறீர்களே, ஆர்டர் நிலவரம் சர்வரில் ஒன்றாகவும் ஸ்டோரில் வேறாகவும் இருந்தால் எதை நம்புவது? "சார் இன்னும் டெம்ப்ளேட் காலத்துலயே இருக்காரு" என்றார் தம்பி. டெம்ப்ளேட் என்பது சர்வர் தகவலை நிரப்பிப் பக்கமாக அனுப்பும் அச்சு; பழைய ஆள் என்கிறார். அரங்கமே சிரித்தது. பதில் மட்டும் வரவில்லை.

நான் சொல்வது இவ்வளவுதான். டேட்டாபேஸில் இருக்கிற தகவலை பிரவுசரில் இன்னொரு பிரதி எடுத்து வளர்க்காதீர்கள். மெனு திறந்திருக்கிறதா, எந்த டேபில் நிற்கிறோம், பாதி நிரப்பிய ஃபார்மில் என்ன இருக்கிறது, இதெல்லாம் ஸ்டோரில் தாராளமாக இருக்கட்டும். கையிருப்பும் விலையும் சர்வருடையவை. ஒரே கடைக்கு இரண்டு கணக்குப்பிள்ளைகள் வேண்டாம்.

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை, பெயர் வேண்டாம். தீபாவளி நேரம். சர்வர் பக்கத்தை அனுப்பும்போதே கையிருப்பை ஜேசனாக (தகவலை எழுதும் ஒரு வடிவம்), பக்கத்தில் ஜாவாஸ்கிரிப்டுக்கான ஸ்கிரிப்ட் டேகில் வைத்து அனுப்பும், ஸ்டோர் அதிலிருந்து தொடங்கும். அதுவரை முறை சரிதான். அப்புறம்? பில் போடும் பெண் காலையில் திறந்த டேபை ராத்திரி வரை மூடவில்லை. மாடியில் அதே புடவையை வேறொருவர் விற்றுவிட்டார். சர்வருக்குத் தெரியும், ஸ்டோருக்கு யார் சொல்வது? ஸ்டோர் எண்ணை நம்பியே பில்லும் விழுந்தது. "ஏம்ப்பா, உங்க கம்ப்யூட்டர் ஒரே புடவைய ரெண்டு பேருக்கு வித்திருக்கே" என்று அண்ணாச்சி போன் போட்டார். கட்டிக்கொடுத்த டீம் அதற்குள் வேறு புராஜெக்டுக்குப் போயாச்சு, போனை எடுத்தது நான். கையிருப்பை ஸ்டோரிலிருந்தே தூக்கினேன். பட்டனை அழுத்தினால் சர்வர் டேட்டாபேஸைப் பார்த்து, மாறிய எச்டிஎம்எல் துண்டை மட்டும் அனுப்பும். அதற்கு எச்டிஎம்எக்ஸ் என்ற சின்ன லைப்ரரியே போதுமானதாக இருந்தது.

இன்னொன்று. வாடிக்கையாளர் குறிப்பில் ஸ்கிரிப்ட் டேகை மூடும் குறியை யாராவது தட்டிவிட்டால் ஜேசன் பாதியில் அறுந்துவிடும், அதன் பின்னால் அவன் எழுதியது பக்கத்தில் ஓடும். இதைத் தடுக்கத்தான் 2018இல் வந்த ஜாங்கோ 2.1இலிருந்து ஜேசன்_ஸ்கிரிப்ட் ஃபில்டர் இருக்கிறது. மேடையில் காட்டிய கோடில் அது இல்லை, 'சேஃப்' போட்டு, அதாவது ஆபத்தான குறிகளை மாற்றாமல், அப்படியே கொட்டியிருந்தது. டெம்ப்ளேட் காலத்து ஆளுக்குத்தான் இது கண்ணில் படும் போல.

"ரியாக்டையே சர்வரில் ஓட்டினால் போச்சு" என்பீர்கள். (ரியாக்ட், ரிடக்ஸோடு சேர்த்துப் பலரும் பயன்படுத்தும், திரையை வரையும் லைப்ரரி.) ஓட்டுங்கள். ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் புது ஸ்டோர் உருவாக்க மறந்தால் ஒருவர் கூடை இன்னொருவர் திரையில் தெரியும். சர்வர் யுடிசியில் (நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) ஓடினால், விடிகாலை 5.30க்கு முன் அது நேற்றைய தேதியை எழுதும், பிரவுசர் இன்றைய தேதியை எழுதும், ஹைட்ரேஷன் (சர்வர் அனுப்பிய பக்கத்தோடு பிரவுசரில் ரியாக்ட் இணைவது) பொருந்தவில்லை என்று கன்சோல் கத்தும்.

திரையில் அட்டைகளை மவுஸால் இழுத்துப் போடும் பலகை, நெட் இல்லாமலும் ஓட வேண்டிய ஆப் என்றால் கதை வேறு. ஒப்புக்கொள்கிறேன்.

"பெரிய கம்பெனியெல்லாம் பண்றாங்களே" என்பவர்களுக்கு: 2014இல் ஃபேஸ்புக், ரிடக்ஸுக்கு முன்னோடியான ஃப்ளக்ஸை அறிமுகம் செய்தபோது சொன்ன உதாரணமே, படிக்காத செய்தி இருப்பதாக எண் காட்டும், திறந்தால் ஒன்றும் இருக்காது என்ற பிழைதான். சாட் ஜன்னல் ஒரு பக்கம், எண் ஒரு பக்கம் எனத் திரையெங்கும் ஒரே தகவல் சிதறிக் கிடந்த இடம் அது. அண்ணாச்சி கடையில் அப்படி என்ன இருக்கிறது? 2015இல் ரிடக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டான் அப்ரமோவே அடுத்த ஆண்டு, இது எல்லோருக்கும் தேவைப்படாது என்று கட்டுரை எழுதினார். அவரையும் பார்த்துச் சிரியுங்களேன்.

"வயசாச்சு, புதுசு கத்துக்க மனசில்ல" என்று ஒருவர் பின்வரிசையில் சொன்னதும் காதில் விழுந்தது. ஐயா, ஜேக்வெரியையும் கற்றேன், ஆங்குலரையும் கற்றேன், ரியாக்ட் எழுதித்தான் இந்த மாத வாடகையும் கட்டினேன். எனக்குத் தெரியாததால் வேண்டாம் என்கிறேனா? தெரிந்ததால்தான் சொல்கிறேன்.

கொஞ்ச நாள் முன்பு ஓஎம்ஆரில் ஓர் இன்டர்வியூ. ரெஸ்யூமில் ஜாங்கோவைப் பார்த்ததும், "ஓ, நாங்க மாடர்ன் ஸ்டாக் ஆள் தேடுறோம் அங்கிள்" என்று லேப்டாப்பை மூடினார் எதிரில் இருந்தவர். அங்கிள்! சார் கூட வேண்டாம், பெயர் ரெஸ்யூமிலேயே இருந்ததே. வீட்டுக்கு வந்து அவர்கள் தளத்தைத் திறந்தேன். வெகுநேரம் வெறும் வெள்ளைத் திரை. சோர்ஸைப் பார்த்தால் காலியாக ஒரே ஒரு டிவ் (வெறும் பெட்டி), மற்றதெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் வந்து கட்ட வேண்டியது. அற்ப சந்தோஷம்தான், ஆனாலும் அன்றைக்கு அது எனக்குத் தேவைப்பட்டது.