கிட்டாரைக் கூட்டக் கூட்டப் பாட்டு சிறுத்துப் போகிறது

சொந்தக் காசில் ஆல்பம் போடும் இண்டி பாப்-ராக் பேண்டுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. வெர்ஸ் (சரணம்) நன்றாகப் போகும். கோரஸ் (திரும்பத் திரும்ப வரும் பகுதி) வந்ததும், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் போட்ட கிட்டார் நாலு அடுக்காக ஏறும். பாட்டு விரிய வேண்டிய அந்த இடத்தில் சப்பென்று ஆகிவிடும், பாடுபவர் என்ன சொல்கிறார் என்றே புரியாது. மூன்றாவது பாட்டுக்குள் காது களைத்துவிடும். உடனே மைக் மோசம், அறை சரியில்லை, மாஸ்டரிங் (கடைசி மெருகு) சொதப்பல் என்று பழி போடுவார்கள். என் கட்சி வேறு. பதிவு பட்டனை அழுத்தும் முன்பே, யார் எந்த உயரத்தில் வாசிப்பது என்று முடிவு செய்யாமல் விட்டதுதான் கோளாறு.

கணக்கைப் பாருங்கள். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸ் (செகண்டுக்கு 41 அதிர்வு), கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ். கிக் டிரம்மின் உடம்பு ஏறக்குறைய 50 முதல் 80 வரை. இவை எல்லாவற்றின் மேல்சுரங்களும் (அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த அதிர்வுகள்), கீபோர்டின் இடது கையும், குரலின் கனமும் வந்து குவியும் இடம் 200 முதல் 500 ஹெர்ட்ஸ். இரண்டு கிட்டார்காரர்களும் ஒரே ஓப்பன் கார்டை (சில தந்திகளை அழுத்தாமல் விட்டுப் பிடிப்பது) ஒரே தாளத்தில் அடித்தால் அங்கே நிற்க இடமிருக்காது. பிறகு மிக்ஸில் (எல்லா டிராக்கையும் கலக்கும் கட்டம்) உட்கார்ந்து ஒவ்வொரு டிராக்கிலும் 300 ஹெர்ட்ஸில் 3 டெசிபெல் வெட்டுவார்கள். நெரிசல் குறையும், கூடவே எல்லாம் எலும்பும் தோலுமாகிவிடும்.

பாட்டு ஜி-யில் இருந்தால் ஒருவர் ஓப்பன் ஜி வாசிக்கட்டும். மற்றவர் ஏழாவது ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாத் தந்திகளையும் ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு சி வடிவத்தில் பிடிக்கட்டும். அதே கார்டுதான், ஆனால் மேலே போய் உட்காரும். கேப்போ பிடிக்காதவர்கள் மெல்லிய மூன்று தந்திகளை மட்டும் வாசிக்கலாம். கீபோர்டின் இடது கை வேலையை பேஸ் பார்த்துக்கொள்ளும், அந்த இடது கையை எடுத்துவிடுங்கள். வெர்ஸில் இரண்டாவது கிட்டார் வேண்டவே வேண்டாம் என்ற முடிவுக்கும் துணிச்சல் வேண்டும். (சும்மா நிற்கச் சொன்னால் கோபித்துக்கொள்ளும் கிட்டார்காரரிடம் ஒரு ஷேக்கரைக் கொடுத்துவிடுங்கள்.)

அடுத்தது டபுள் டிராக்கிங், அதாவது ஒரே பகுதியை இரண்டு டிராக்காக வைப்பது. ஒரே டேக்கை (ஒரு முறை வாசித்த பதிவு) காப்பி எடுத்து ஒன்றை இடதுபக்கமும் இன்னொன்றை வலதுபக்கமும் போட்டால் அகலம் வராது. இரண்டும் ஒன்றுதானே, சத்தம் நடுவிலேயே நிற்கும். காப்பியை 15 மில்லிசெகண்ட் தள்ளி வைத்தால் ஹெட்போனில் விரிந்தது போலக் கேட்கும். அதையே ஒற்றை ஸ்பீக்கரில் போட்டால் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று விழுங்கி, தகரக்குழாய் வழியாக வருவது போலாகிவிடும். அகலம் வேண்டுமென்றால் மறுபடி முழுதாக வாசிக்க வேண்டும், முடிந்தால் வேறு கிட்டாரில் அல்லது வேறு பிக்கப்பில் (தந்தியின் அதிர்வை வாங்கும் காந்தம்). டிஸ்டார்ஷன் நாப்பையும் குறைத்து வையுங்கள். தனியாகக் கேட்கையில் 'இன்னும் கொஞ்சம் வேண்டும்' என்று தோன்றும் அளவுதான், அடுக்கும்போது சரியாக இருக்கும். கெயின் (டிஸ்டார்ஷனின் அளவு) அதிகமானால் கம்ப்ரஷனும் (ஒலியின் ஏற்ற இறக்கம் நசுங்குவது) தானாக வந்து, தந்தியைத் தட்டும் அந்த முதல் ஒலி மழுங்கிவிடும். நாலு மழுங்கல் சேர்ந்தால் வெறும் இரைச்சல்தான்.

சுருதி விஷயத்தில் அலட்சியம் இன்னும் மோசம். 440 ஹெர்ட்ஸில் 5 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) விலகல் என்றால் ஒன்றேகால் ஹெர்ட்ஸ் வித்தியாசம். இரண்டு டிராக்குக்கும் நடுவே செகண்டுக்கு ஒரு முறைக்குச் சற்று மேல் ஒலி ஏறி இறங்கும். ஒரு ஜோடியில் அது இனிமை, மூன்று ஜோடியில் கலங்கல். புதுத் தந்தி, 12ஆவது ஃப்ரெட்டில் இன்டொனேஷன் (மேலே பிடித்தாலும் சுருதி சேர்கிறதா என்ற) சோதனை, ஒவ்வொரு டேக்குக்கும் முன் டியூனர். இந்த மூன்றையும் செய்யாமல் பிளக்-இன் (ஒலியைச் செப்பனிடும் மென்பொருள்) வாங்குவது வீண் செலவு.

டிரம்ஸைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்னேரை ஓங்கியும் சிம்பலை மெதுவாகவும் அடிக்கத் தெரிந்த டிரம்மர் கிடைத்தால் பாதி மிக்ஸ் முடிந்தது. ஹை-ஹேட்டை அறைந்தால் அது ஸ்னேர் மைக்கிலும் புகுந்துவிடும், அப்புறம் ஸ்னேரைப் பிரகாசமாக்கப் போனால் ஹை-ஹேட் காதைக் குத்தும். டிரம்ஸுக்கு மேலே வைக்கும் ஓவர்ஹெட் மைக் இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கிறதா என்று ஒரு கயிற்றை வைத்து அளந்து பாருங்கள். ஒலி ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர்தான் போகும். அந்த அளவுக்கு ஒரு மைக் தள்ளியிருந்தால், இரண்டையும் சேர்க்கும்போது 500 ஹெர்ட்ஸில் ஸ்னேர் தன்னைத்தானே ரத்து செய்துகொள்ளும். ஈக்யூவால் (அலைவரிசைவாரியாக ஏற்றி இறக்கும் கருவி) அதை மீட்க முடியாது.

குரலுக்கு வருவோம். சொற்கள் புரிவது 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில். டிஸ்டார்ஷன் கிட்டார் கத்துவதும் அங்கேதான். குரலை மேலும் மேலும் ஏற்றுவதற்குப் பதில், குரல் வரும்போது மட்டும் கிட்டார்களில் அந்த இடத்தை 2 டெசிபெல் இறக்கிப் பாருங்கள். குரல் தானாக முன்னே வரும். கம்ப்ரஸர் ஒன்றை வைத்து 10 டெசிபெல் நசுக்குவதைவிட, வேகமானது ஒன்று 4, நிதானமானது ஒன்று 3 என்று பிரித்துக் கொடுத்தால் மூச்சு முட்டாது. டபுள் குரல் போடும்போது இரண்டாவது டேக்கில் சொல்லின் கடைசியில் வரும் 'ஸ்', 'ட்' இரண்டையும் விழுங்கிப் பாடச் சொல்லுங்கள், இல்லையென்றால் வரி முடிவில் எல்லாம் தடதடவென்று இரண்டு முறை விழும். ரிவர்பின் (அறை எதிரொலி) உள்ளே போகும் ஒலியில் 500, 600 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, 30 மில்லிசெகண்ட் பிரீ-டிலே (எதிரொலி தொடங்கும் முன் விடும் இடைவெளி) கொடுத்தால் அறை கேட்கும், சொல்லும் கேட்கும்.

'எங்களுடையது லோ-ஃபை (மெருகில்லாத பதிவு), வேண்டுமென்றே அப்படி' என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2001இல் வந்த, தி ஸ்ட்ரோக்ஸ் என்ற அமெரிக்க ராக் பேண்டின் முதல் ஆல்பத்தில் குரல் ஒரு சின்னப் பயிற்சி ஆம்ப் வழியாகப் போனது. கரகரப்பான குரல்தான். ஆனால் அந்த இரண்டு கிட்டார்களையும் கேளுங்கள், ஒன்று போடும் வரியை இன்னொன்று மிதிப்பதே இல்லை. பேஸ் தனியாக ஒரு மெட்டு பாடிக்கொண்டிருக்கும். அழுக்கு இருக்கிறது, நெரிசல் இல்லை. அரேஞ்ச்மென்ட் (யார் எதை எங்கே வாசிப்பது என்ற அமைப்பு) அவ்வளவு சுத்தமாக இருந்ததால்தான் அந்தக் கரகரப்பைத் தாங்கியது.

கோரஸ் பெரிதாகக் கேட்க வேண்டுமானால் வெர்ஸ் சிறிதாக இருந்தாக வேண்டும். வெர்ஸை 1 டெசிபெல் இறக்குங்கள், கிட்டார்களை நடுவுக்கு அருகே இழுத்து வையுங்கள், கோரஸில் ஓரத்துக்குத் தள்ளுங்கள். கோரஸில் எதையும் கூட்டியிருக்க மாட்டீர்கள், ஆனால் கதவு திறந்தது போல இருக்கும். இதையெல்லாம் செய்துவிட்டு, கடைசியில் லிமிட்டரில் (ஒலியின் உச்சத்தை அமுக்கும் கருவி) கொண்டுபோய் எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு அழுத்தினால் செய்த வேலை அத்தனையும் போச்சு. ஸ்பாட்டிஃபை வழக்கமான அமைப்பில் −14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அளவு) மட்டத்துக்குத்தான் ஒலியைக் கொண்டுவரும். நீங்கள் −7க்கு நசுக்கிக் கொடுத்தால் அது 7 டெசிபெல் குறைத்துப் போடும். சத்தம் கூடாது, நசுங்கல் மட்டும் மிஞ்சும். −14ஐத் துல்லியமாகத் தொட வேண்டும் என்ற பதற்றமும் தேவையில்லை. ராக்குக்கு −10 பக்கம் வந்தாலும் கேடில்லை, உச்சம் −2 டெசிபெல்லைத் தாண்டாமல் இருந்தால் போதும்.

ஃபோன் ஸ்பீக்கரில் பேஸ் காணாமல் போனால் அதை ஏற்றாதீர்கள், அந்த ஸ்பீக்கருக்கு 41 ஹெர்ட்ஸ் எட்டவே எட்டாது. பேஸில் கொஞ்சம் சாச்சுரேஷன் (மெல்லிய டிஸ்டார்ஷன்) போட்டு மேல்சுரங்களை வளருங்கள். அவற்றைக் கேட்டே அடிச்சுரத்தைக் காது ஊகித்துக்கொள்ளும்.

கடைசியாக, மாஸ்டரிங்குக்கு அனுப்பும்போது மாஸ்டர் சேனலில் இருக்கும் லிமிட்டரை எடுத்துவிட்டு, உச்சம் −6 டெசிபெல் பக்கம் நிற்கும்படி, 24 பிட்டில் கொடுங்கள். பாட்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பாமல் வரிசையோடு மொத்தமாக அனுப்புங்கள். முழு ஆல்பமாக ஓடும்போது ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டுக்கும் ஒரே அளவு ஏற்ற இறக்கம்தான் செய்யும். ஆகவே ஐந்தாவதாக வரும் அக்கூஸ்டிக் பாட்டு நாலாவதைவிட மெதுவாகக் கேட்க வேண்டுமென்றால், அதை மெதுவாகவே மாஸ்டர் செய்யச் சொல்லலாம், யாரும் அதை ஏற்றிவிட மாட்டார்கள்.